எங்கள் பக்கத்தில் யாரோ நல்ல தமிழ் பேசினார்கள்

என் நாத்தனார் கேரம் ஆடுவாள். ராயபுரத்தில் எங்கள் தெருமுனை கேரம் கிளப்பில் ஆம்பிளைகள் மட்டுமே உட்கார்ந்திருந்த நாட்களில், உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரே சாயங்காலத்தில் நாலு பேரைத் தோற்கடித்துவிட்டு வந்தவள் அவள். பகலில் தண்டையார்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி டீ குடித்துவிட்டு நேரே கிளப்புக்குப் போய்விடுவாள்.

எனக்கு ஆடத் தெரியாது. நான் அவளுடைய அண்ணி. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சியில் கம்ப்யூட்டரில் கன்டெய்னர் எண்களை ஏற்றும் வேலை எனக்கு. அதனால் எங்கள் வீட்டில் போன் சம்பந்தப்பட்ட எல்லா விவகாரமும் என்னிடம்தான் வரும்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் ஆடுவதை என் போனில் படம் பிடித்தேன். சிவப்புக் காயை அடிப்பதற்கு முன்னால் அவள் அந்தக் காயிடமே பேசினாள். "தோ பாரு, ஒயுங்கா உள்ள போய் குந்திக்கோ. இல்லாங்காட்டி நானே வந்து தள்ளுவேன்." காய் சொன்னபடி போய் பாக்கெட்டில் விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கென்று வீடியோ போடும் ஓர் ஆப்பில் ஒரு பக்கம் தொடங்கி அந்த வீடியோவைப் போட்டோம். அவள் ஆடுவாள், பேசுவாள். நான் படம் பிடித்து, அவள் பேச்சிலேயே இரண்டு வரி எழுதிப் போடுவேன். மெல்ல மெல்ல இருபதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர்கள், எண்ணூரில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், துபாயில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

ஒருவர் மட்டும் வித்தியாசமானவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் என்று போட்டிருப்பார். முகத்துக்குப் பதில் ஒரு தாமரைப்பூ படம். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே தவறாமல் எழுதுவார்: "சகோதரி, தங்கள் ஆட்டம் அருமை. மொழியைச் சற்றே செம்மைப்படுத்தினால் மேலும் சிறக்கும்." என் நாத்தனாரும் தவறாமல் பதில் போடச் சொல்வாள்: "டாங்க்ஸ் சார்."

போன வருஷம் மாதா கோயில் திருவிழா நாளில் ஒரு வீடியோ எடுத்தோம். தெரு முழுக்க ஒலிபெருக்கி. அவள் பேச்சுக்குப் பின்னால் பாட்டும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அப்படியே போட்டுவிட்டேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறேன், பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அந்த ஆப்பின் முத்திரை அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில், கறாரான நடையில் எழுதியிருந்தார்கள். உங்கள் வீடியோவில் அடுத்தவருக்குச் சொந்தமான இசை இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் கீழே உள்ள இணைப்பைத் திறந்து தெரிவியுங்கள் என்று.

பாட்டு இருந்தது உண்மைதானே. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பயம்தான் வந்தது. நாலு வருஷத்து வீடியோக்கள் என் கவனக்குறைவால் போகப்போகின்றன என்று நினைத்தேன். இணைப்பைத் திறந்தேன். பக்கத்தின் பெயர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அடுத்த நொடியில் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதையும் கேட்டது, கொடுத்தேன். அந்த எண்ணுக்குக் கீழேயே, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் எண்ணை மட்டும்தான் படித்தேன். "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று வந்ததும் நிம்மதியாக நெத்திலிக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வேலையே எழுத்துப் பார்ப்பதுதான். ஒரு கன்டெய்னருக்கு நாலு எழுத்து, ஏழு எண். அதில் ஓர் எழுத்து மாறினால் பெட்டி காட்டுப்பள்ளி துறைமுக வாசலிலேயே நின்றுவிடும். ஒரு நாளைக்கு நூறு பெட்டி பார்க்கிறவள், அந்த இணைப்பின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததைப் பார்க்கவில்லை. பயந்தவளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை.

அரை மணி நேரத்தில் என் போன் பக்கத்திலிருந்து என்னை வெளியே தள்ளியது. மறுபடி நுழையப் பார்த்தால், பாஸ்வேர்டு தவறு என்றது. அப்போதுதான் காசிமேட்டு மீன் ஏலக்காரர் ஒருவர் கூப்பிட்டார். எங்கள் தெருக்காரர், எங்கள் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்ப்பவர்.

"யக்கா, இன்னா மேட்டரு? உங்க பக்கத்துல யாரோ ரேடியோல செய்தி வாசிக்கிற மாரி பேசிகினு கீறாங்கோ."

"இன்னா பேசறாங்கோ?"

அவர் ஒவ்வொரு சொல்லாகக் கஷ்டப்பட்டுப் படித்தார். "அன்பார்ந்த நண்பரே, வணக்கம். நான் ஒரு கேரம் தூதர் போட்டியில் பங்கேற்கிறேன். தயவுசெய்து எனக்கு வாக்களிக்கவும். தங்கள் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை எனக்கு அனுப்பி வைக்கவும்." படித்து முடித்து மூச்சு விட்டார். "கேரம் யக்கா இப்டி பேசினா அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். அதான் போன் போட்டேன்."

"அந்த நம்பர அனுப்பாத. அனுப்புனா உன்னுதும் பூடும்," என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. என்னை மாட்டிய அதே தூண்டிலில் யாரோ ஒரு திருடன், என் நாத்தனாரின் முகத்தை இரையாக மாட்டி, அவளை நம்பும் எல்லாரையும் பிடிக்கப் பார்க்கிறான்.

கம்பெனியில் அவள் போன் லாக்கரில் இருக்கும். சாயங்காலம் வெளியே வந்ததும்தான் பேச முடிந்தது. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அண்ணி, அவன் என்ன மாரி பேசலியே. ஒர்த்தன் கூட நம்ப மாட்டான்," என்று சிரித்தாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நான் வீட்டுக்குப் போவதற்குள் எங்களுக்கு வேண்டியவர்கள் அந்தத் திருடனுடன் நடந்த பேச்சுகளைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். "யார்ரா நீ, எங்க யக்காவ எங்க வச்சிகிற?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவன் பதில் எழுதியிருந்தான்: "தாங்கள் கூறுவது எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து தெளிவான தமிழில் கூறவும்." எண்ணூரிலிருந்து ஒரு பெண் அவனுடைய பரம்பரையையே விசாரித்து ஒரு பத்தி எழுதியிருந்தாள். அதற்கும் அவன், "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று போட்டிருந்தான். ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம் அவனுக்கு உதவியிருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. என் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துச் சிரித்து இருமினாள். மத்தியானத்திலிருந்து கல்லாக இருந்த என் நெஞ்சும் இளகிவிட்டது.

அப்போது அவள் போன் அடித்தது. போட்டிகளுக்கு அழைப்பவர்களுக்காக அவள் எண்ணைப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தோம். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம் சகோதரி," என்றது ஒரு கனத்த குரல். "தங்கள் மொழியில் இன்று ஏற்பட்டிருக்கும் மாற்றத்தைக் கண்டு நெஞ்சம் நிறைந்துவிட்டது. எண்ணை உடனே அனுப்பிவிட்டேன். வெற்றி கிட்டியதா?"

தாமரைப்பூ ஆசிரியர். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, ஒர்த்தர் நம்பிட்டாரு."

நடந்ததை மெதுவாகச் சொன்னாள். "அப்படியானால் என் கணக்கு?" என்றார் அவர்.

"அதுவும் பூட்ச்சி சார்."

"அதில் என் மாணவர்கள் முன்னூறு பேர் இருக்கிறார்கள், சகோதரி."

அந்தக் குரலில் இருந்த கவலை எங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது அவருடைய தமிழில், அவருடைய பிள்ளைகளிடம் யாரோ எண் கேட்டுக்கொண்டிருப்பான். அதை அவர்கள் சந்தேகிக்கவே மாட்டார்கள். ஒரு நொடியும் தாமதிக்காமல் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லச் சொன்னோம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, மாத்தூர் என்றார். நாங்களும் அன்றைக்கு மாத்தூருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் மின்னஞ்சல். பக்கம் கை மாறினால் முதலில் கொடுத்த மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வரும், அதன் வழியாக மீட்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஆனால் அந்த மின்னஞ்சலை நாங்கள் திறந்ததே இல்லை. அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் போன் வாங்கிய கடையில், கடைக்கார பாய்தான் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். அவர் இப்போது கடையை மாத்தூருக்கு மாற்றியிருந்தார். என் நாத்தனாரின் ஸ்கூட்டரில், மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்திலேயே ஊர்ந்து, ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாய் எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொன்னதும் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார்.

"இன்னா பாய் அது?"

"நீங்கோ எல்லாரும் மறந்துட்டேன்னு வந்து நிப்பீங்கோ இல்ல. அதுக்குத்தான் எழுதி வச்சிகிறேன்."

பக்கத்துக்குப் பக்கம் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு. எங்கள் பகுதியில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முறை: பெயரும், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். என் நாத்தனாரின் பாஸ்வேர்டும் அப்படித்தான் இருந்தது. அதையேதான் நான் பக்கத்துக்கும் வைத்திருந்தேன். பக்கத்தின் சாவியைக் கொடுத்தபோதே மின்னஞ்சலின் சாவியையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப அவன் மெயிலுக்கும் பூந்துட்டு இருப்பானா?" என்று கேட்டாள் நாத்தனார்.

பாய் தன் பழைய போனை எடுத்துப் பார்த்தார். அவர் உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல்கள் பலவும் அதில் இன்னும் திறந்தே இருந்தன. "மத்தியானம் ஒண்ணு வந்துச்சும்மா. யாரோ நுழையப் பாக்கறாங்கோ, நீங்கதானான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாது, இல்லன்னு அமுக்கிட்டேன்."

அவர் அமுக்கிய அந்த 'இல்லை'தான் எங்களைக் காப்பாற்றியது. அவர் அலட்சியமாக விட்டு வைத்த போன் எத்தனை பேருக்கு ஆபத்தோ, அன்றைக்கு எங்களுக்கு அதுவே பாதுகாப்பாக இருந்தது. அவரைத் திட்டவும் தோன்றியது, நன்றி சொல்லவும் தோன்றியது.

அந்த நேரத்தில் ஆசிரியர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, வேர்த்த முகம். தன் மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, ஒருவர் வழியாக இன்னொருவராக, அதற்குள் செய்தியைச் சேர்த்துவிட்டிருந்தார். என் நாத்தனாரைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் தன் ஸ்டூலை அவருக்கு நகர்த்தினாள். "குந்துங்க சார். தண்ணி வோணுமா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேண்டுமா?" என்று திருத்தினாள். அவர் முதல்முறையாகப் புன்னகைத்தார்.

மின்னஞ்சலைத் திறந்தோம். அதில் ஒரு கடிதம் இருந்தது. உங்கள் பக்கத்தின் மின்னஞ்சல் மாற்றப்பட்டிருக்கிறது, மாற்றியது நீங்கள் இல்லை என்றால் இங்கே அழுத்துங்கள் என்று. என் விரல் அந்தரத்தில் நின்றது. மத்தியானமும் இப்படித்தான் ஒன்று அழுத்தச் சொன்னது. இதுவும் அவனுடையதாக இருந்தால்?

"கொடுங்கள்," என்றார் ஆசிரியர். கண்ணாடியை மூக்கில் இறக்கி, கடிதம் வந்த முகவரியை, விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பிறகு மத்தியானம் எனக்கு வந்த இணைப்பை என் போன் பிரௌசரின் பழைய பதிவில் தேடி எடுத்து அதையும் படித்தார். "இதில் ஓர் எழுத்து இரட்டித்திருக்கிறது. கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒட்டும் வேறு. இது பொய். அது மெய்." அதோடு நிற்காமல், அந்த ஆப்பின் உதவிப் பகுதியில் இருந்த முகவரியைப் பாயின் போனில் எடுக்கச் சொல்லி, அதோடும் ஒப்பிட்டார். மூன்று தடவை பார்த்தபிறகுதான் தலையசைத்தார். நான் அழுத்தினேன்.

அடுத்தது முகம் கேட்டது. பக்கத்தில் இருப்பவள் நீதான் என்று காட்ட, கேமராவைப் பார்த்து முகத்தை இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று திருப்ப வேண்டும். என் நாத்தனார் போனைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். பின்னால் பாயும் ஆசிரியரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் போன் திரையில் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவை இடப்பக்கம் வரைக்கும் சரியாகப் போனது. வலப்பக்கம் திரும்பும்போது ஆசிரியர் கவலையோடு, "வதனத்தை இன்னும் சற்றே திருப்புங்கள்," என்றார்.

"வதனமா? அது இன்னாது சார்?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். மூன்றாவது தடவை எங்கள் மூவரையும் கடைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுத் தனியாக முடித்தாள்.

பக்கம் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. முதலில், எந்தெந்தப் போன்களில் பக்கம் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். நான் பெயரே கேட்டிராத ஓர் ஊரில் ஒரு போன் உள்ளே உட்கார்ந்திருந்தது. அதை வெளியே தள்ளிய சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. அவன் சேர்த்திருந்த மின்னஞ்சலையும் போன் எண்ணையும் நீக்கினேன். பிறகு இரு படிச் சரிபார்ப்பு. பாஸ்வேர்டு தெரிந்தாலும் போதாது, என் போனில் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணும் வேண்டும். போன் தொலைந்துபோனால் உதவும் என்று சில எண்களைக் கொடுத்தது. அவற்றைத் தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். ஆனால் அந்த மாறும் எண்ணையே நாமாக எடுத்து நீட்டினால் எந்தப் பூட்டாலும் பயனில்லை என்பதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மின்னஞ்சலுக்கு ஒரு பாஸ்வேர்டு, பக்கத்துக்கு வேறொன்று. பக்கத்துக்கானதை என் நாத்தனாரே யோசித்து வைத்தாள். நீளமான, நாலு சொல் கொண்ட ஒன்று. அதை நான் இங்கே எழுதாததற்கு ரகசியம் மட்டுமே காரணம் இல்லை.

ஆசிரியரின் கணக்கு திரும்ப மூன்று நாள் ஆனது. மாணவர்களில் ஒருவரும் ஏமாறவில்லை. அவர் வகுப்பிலேயே கரும்பலகையில் அந்தத் திருட்டுக் கடிதத்தை எழுதிப்போட்டு, பிழை கண்டுபிடிக்கச் சொன்னாராம்.

என் மனசை அரித்துக்கொண்டிருந்தது பாயின் நோட்டு. மறுபடி போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் யாரையும் ஏமாத்தலியேம்மா," என்றார்.

"நீங்கோ ஏமாத்தல பாய். இந்த நோட்டு யார் கையிலயாவது கெடச்சா?"

நோட்டை எடுத்து ஒரு தடவை புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "எல்லாரையும் கூப்டு. நானே வந்து பைசல் பண்றேன்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும், கேரம் கிளப்பில் கூட்டம் கூடியது. பாய் நடு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிடுவார், வருகிறவர் தன் போனில் புதுப் பாஸ்வேர்டு வைத்து, இரண்டாவது பூட்டையும் போட வேண்டும். தெரியாதவர்களுக்கு நானும் ஆசிரியரும் கை காட்டினோம். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். முடிந்ததும் பாய் அந்தத் தாளைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். சிலர் அதைச் சுக்குநூறாகக் கிழித்தார்கள். மீன் ஏலக்காரர் வாயில் போட்டு மென்றுவிட்டார். ஒரு அம்மா தன் பழைய பாஸ்வேர்டுதான் அதே பெயர் கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுடையதும் என்று தெரிந்து, "ஏண்டி, நாலு வருசமா ரெண்டு பேரும் ஒரே சாவியிலயா குடித்தனம் பண்ணோம்?" என்று கேட்க, கிளப்பே அதிர்ந்தது.

நடுவில் ஒரு வீடியோவும் எடுத்தோம். திருடனாக நடிக்க ஆசிரியரைக் கேட்டோம். அவர் தயங்கவே இல்லை. "அன்பார்ந்த நண்பரே, தங்களுக்கு வந்த எண்ணைத் தயைகூர்ந்து வழங்குக," என்று கையை நீட்டினார். என் நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நம்பரா? எங்கம்மாக்கே சொல்ல மாட்டேன். ஒனக்கு எதுக்கு சொல்லணும், அப்பால போ." நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோதான்.

இரண்டு மணிக்குக் கடைசித் தாளும் போய், பாயின் கையில் வெறும் அட்டை மிஞ்சியது. யாரோ பிரியாணிப் பொட்டலங்கள் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பாய் மெதுவாகப் போர்டுப் பக்கம் வந்து, "நானும் ஒண்ணு ஆடலாமா?" என்று கேட்டார். என் நாத்தனார் பெரிய மனசு பண்ணி முதல் அடியை அவருக்கு விட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தவர், ஏழு காய்களை நிறுத்தாமல் போட்டார். சிவப்பையும் போட்டு, அதற்குத் துணைக் காயையும் போட்டு, நிமிர்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"வண்ணாரப்பேட்டைல சின்ன வயசுல ஆடினது," என்றார்.

என் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பவுடரை அள்ளிப் போர்டில் தூவினாள். "இன்னொரு போர்டு ஆடு பாய். அப்பால வூட்டுக்குப் போலாம்," என்றாள். ஆசிரியர் எழுந்து போர்டுக்கு மேலே தொங்கிய விளக்கைப் போட்டுவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.